வாசல் தாண்டாத கதைகள்

கையில் ஒரு பை. வயிற்றில் குழந்தை. வீட்டைவிட்டு வெளியேறிய கண்ணம்மா நடந்தாள், நடந்தாள், நடந்துகொண்டே இருந்தாள். விஜய் டிவியின் ‘பாரதி கண்ணம்மா’வில் அந்த நடை நாள் கணக்கில் நீண்டபோது, சீரியல் பக்கமே தலைவைத்துப் படுக்காத கல்லூரிப் பையன்கள்கூட மீம் போட்டுத் தீர்த்தார்கள். பையோடு நடக்கும் அந்தப் பெண்ணின் படத்தை வெட்டி, உலக வரைபடம் முழுக்க ஒட்டி அழகு பார்த்தார்கள். கொரோனா பயத்தில் முடங்கிக் கிடந்த தமிழ்நாட்டுக்கு 2020-ல் இலவசமாகக் கிடைத்த சில சிரிப்புகளில் அதுவும் ஒன்று.

சிரித்து முடித்தபின் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அவள் ஏன் நடந்துகொண்டே இருக்க வேண்டும்? கணவன் பாரதி படித்த டாக்டர். மனைவியின் கர்ப்பத்தைச் சந்தேகிக்கிறான். ஒரு டி.என்.ஏ. பரிசோதனை செய்தால் விஷயம் தீர்ந்துவிடும் என்பது டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குத் தெரிகிறது, டாக்டருக்குத் தெரியவில்லை. 2019-ல் தொடங்கிய சீரியலின் முதல் பாகம் 2023-ல்தான் முடிந்தது. அந்தப் பரிசோதனை கடைசிக் கட்டம்வரை தள்ளிப்போனது.

முட்டாள்தனம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால், அதில் ஒரு கணக்கு இருக்கிறது. டாக்டர் முதல் வாரமே பரிசோதனை செய்திருந்தால் இரண்டாம் வாரம் கதை முடிந்திருக்கும். கண்ணம்மா அந்த வீட்டை மறந்து வேறு வாழ்க்கைக்குப் போயிருந்தால், அதைக் காட்ட வேறு வீடு, வேறு தெரு, வேறு ஆட்கள் வேண்டியிருந்திருக்கும். தமிழ் சீரியல் பெண்கள் ஏன் இவ்வளவு பொறுத்துப்போகிறார்கள் என்பதற்குப் பண்பாட்டில் மட்டும் விடை தேடுகிறவர்கள், ஷூட்டிங் பங்களாவுக்குள் ஒருமுறை எட்டிப்பார்ப்பது நல்லது. அந்தப் பொறுமையில் பாதி, தயாரிப்புச் செலவுக் கணக்கிலிருந்து வருவது.

முடியாமல் இருப்பதே தொழில்

‘குடும்ப உறவுகளை டிவி தொடர்கள் வளர்க்கின்றனவா, சிதைக்கின்றனவா?’ என்ற தலைப்பு பட்டிமன்ற மேடைகளில் பழசாகிப்போனது. இரண்டு அணிகளும் ஒன்றை ஒப்புக்கொண்டுதான் பேசத் தொடங்கும்: சீரியல் என்பது சமூகத்துக்கு ஏதோ சொல்ல நினைக்கிறது என்று. ஒரு காலத்தில் உண்மையிலேயே அப்படி நினைத்தார்கள்.

இந்தியாவின் முதல் தொடர் நாடகம் என்று பேர் வாங்கிய ‘ஹம் லோக்’ 1984 ஜூலையில் தூர்தர்ஷனில் தொடங்கியது. மெக்சிகோவில் மிகேல் சபிதோ என்பவர் குடும்பக் கட்டுப்பாட்டையும் முதியோர் கல்வியையும் கதைக்குள் வைத்துத் தொடர்கள் எடுத்திருந்தார். அந்த வழியைப் பார்த்துத்தான் இங்கேயும் செய்தார்கள். எழுதியவர் மனோகர் ஷ்யாம் ஜோஷி. ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து, ‘இன்றைக்குப் பார்த்ததில் எது சரி, எது தவறு’ என்று பெரியவர் தோரணையில் பேசிவிட்டுப் போவார். குடிகாரக் கணவன், மூன்று மகள்கள், வாய் திறக்காத அம்மா பாகவந்தி. இப்படி இருக்கக் கூடாது என்று காட்டுவதற்காகவே படைக்கப்பட்டவள் பாகவந்தி. நேயர்களிடமிருந்து 4 லட்சம் கடிதங்கள் வந்து குவிந்தன. பின்னால் ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு: நேயர்களில் கணிசமானோர், அதிலும் பெண்கள், பாகவந்தியையே நல்ல முன்மாதிரி என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். குடும்பத்துக்காகத் தேய்கிறாளே, எவ்வளவு நல்லவள்!

திரையில் வரும் பாத்திரம் எழுதியவரின் பேச்சைக் கேட்பதில்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது.

‘ஹம் லோக்’ 150 எபிசோடுகளைச் சற்றே தாண்டி முடிந்தது. மற்றத் தொடர்களுக்குப் பெரும்பாலும் பதின்மூன்று வாரம் என்பது அந்தக் கால தூர்தர்ஷன் கணக்கு. கே.பாலசந்தர் 1990-களின் தொடக்கத்தில் ‘ரயில் சிநேகம்’ எடுத்தபோதும் கதைக்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருந்தன. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. 1999-ல் ‘சித்தி’ வந்தது. அதற்குப் பிறகு கணக்கு மாறியது. தயாரிப்பு நிறுவனம் சேனலிடம் நேரத்தைக் கட்டணம் கட்டி வாங்கும். அந்த அரை மணி நேரத்துக்கான விளம்பரத்தைத் தானே விற்றுக்கொள்ளும். ஓடுகிற சீரியலை நிறுத்துவது, கல்லா நிறைகிற கடையை இழுத்து மூடுவதற்குச் சமம். ‘மெட்டி ஒலி’ 800 எபிசோடுகளைத் தாண்டியது. ‘கோலங்கள்’ 1,500-ஐத் தாண்டியது. ‘வாணி ராணி’ 1,700-ஐத் தாண்டியது.

ஒரு பெண்ணின் துன்பத்தை 1,500 நாள் நீட்ட வேண்டுமென்றால், அவள் அதிலிருந்து வெளியே வரக் கூடாது. இவ்வளவுதான் சூத்திரம்.

அந்த வீடு யாருடையது?

சீரியல் வீட்டை எந்தத் தமிழருக்கும் கண்ணை மூடிக்கொண்டு வரையத் தெரியும். நடுவில் பெரிய ஹால், ஓரமாக ஒரு மாடிப்படி, அந்தப் படியில் இறங்கிவரும் வில்லி. எட்டுப் பேர் உட்காரும் டைனிங் டேபிள். ஒட்டுக்கேட்க வசதியாகத் தூண்கள். ராத்திரி படுக்கப் போகும்போதும் பட்டுப்புடவை, நெக்லஸ். அடுப்படியில் சதித்திட்டம் தீட்டுவார்கள், பாயசத்தில் எதையாவது கலப்பார்கள், காபி டம்ளர்கள் தட்டில் வந்தபடியே இருக்கும். பாத்திரம் தேய்க்கும் காட்சியைத்தான் தேட வேண்டும். தண்ணி கேன்காரர் வருவதில்லை. கரன்ட் பில் வருவதில்லை. இன்னொன்று கவனித்தவர்களுக்குத் தெரியும்: சீரியல் குடும்பங்கள் சீரியல் பார்ப்பதே இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேர், சுமார் 1.85 கோடிக் குடும்பங்கள். வீட்டுக்கு நான்கு பேர்கூடத் தேறாது. ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை 2020-ல் 1.4 ஆகக் குறைந்துவிட்டது. அண்ணன் தம்பி நால்வர் மனைவி மக்களோடு ஒரே கூரையின் கீழ் வாழும் வீடு, பெரும்பாலோருக்குப் பாட்டி சொல்லும் கதையில்தான் மிச்சமிருக்கிறது. ஆனால் டிவியில் கூட்டுக் குடும்பம் செழித்தபடியே இருக்கிறது. மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளின் கதையான ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ 2018 முதல் 2023 வரை ஓடியது. மலையாளம், தெலுங்கு, இந்தி என்று போய், பிறகு இரண்டாம் பாகமாகவும் வந்தது.

அதைப் பழமைவாதம் என்று மட்டும் சொல்வது அவசரம். தனிக்குடித்தனத்தில் இருப்பவர்களுக்கு அந்த நெரிசல் மேல் ஓர் ஏக்கம் இருக்கிறது, அது பொய்யில்லை. மாமியார் ஊரில், மகன் வேலை பார்க்கும் நகரத்தில், பேத்தி வெளிநாட்டில் என்று சிதறிய வீடுகளில் மாலை ஏழு மணிக்குப் பேச்சுச் சத்தம் கேட்பது அந்தப் பெட்டியிலிருந்துதான். கூடவே ஒரு நடைமுறை வசதியும் உண்டு. வாரம் ஆறு எபிசோடு கொடுக்க வேண்டிய இயக்குநருக்கு, வாடகைக்கு எடுத்த ஒரே பங்களாவுக்குள் பன்னிரண்டு பாத்திரங்கள் இருந்தால் பன்னிரண்டு சண்டை கிடைக்கும். ஒரு நடிகரின் கால்ஷீட் கிடைக்காவிட்டால் இன்னொருவரை வைத்து ஒப்பேற்றலாம். விலகியே போய்விட்டாலும் கவலையில்லை. ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு கார்டு போட்டால், நேற்றுவரை வேறு முகத்தோடு இருந்த கணவனை மனைவி அடுத்த காட்சியில் அடையாளம் கண்டுகொள்வாள்.

இந்த வசதி கதைக்குள் என்ன செய்கிறது என்பதற்கு ‘பாக்கியலட்சுமி’யைவிட நல்ல சாட்சி இல்லை. 2020 முதல் 2025 வரை ஓடிய இந்தத் தொடர், வங்காளத்தின் ‘ஸ்ரீமொயி’யைத் தழுவியது. அதே கதைதான் இந்தியில் ‘அனுபமா’, மலையாளத்தில் ‘குடும்பவிளக்கு’. தமிழ்க் குடும்பத்தின் கண்ணாடி என்று சொல்லப்படுவது கொல்கத்தாவில் ரசம் பூசப்பட்டது என்பதை ஓரமாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பாக்கியா அதிகம் படிக்காத, இங்கிலீஷ் வராத, நடுவயதுக் குடும்பத்தலைவி. கணவன் கோபிக்குப் பழைய காதலி ராதிகாவோடு உறவு. அந்த உண்மை எப்போது உடையும் என்று தமிழ்நாடு மாதக்கணக்கில் காத்திருந்தது. உடைந்தது, விவாகரத்தும் ஆனது. தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு கணவன் திருந்தக் காத்திருக்கும் கதாநாயகிகளைப் பார்த்துப் பழகிய பார்வையாளர்கள், தன் சமையலை நம்பி ஒரு தொழிலைக் கட்டும் பாக்கியாவைப் பார்த்தார்கள். பிள்ளை பெற்று வளர்த்த ஒரு பெண், ஐம்பதை நெருங்கும்போது கல்லூரி வாசலையும் கடன் விண்ணப்பத்தையும் தொடுவது தமிழ் டிவிக்குப் பெரிய விஷயம். இதைக் கேலி செய்ய முடியாது.

ஆனால், அடுத்து என்ன நடந்தது? வேறு கல்யாணம் செய்துகொண்ட கோபி, புது மனைவியோடு அதே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். முன்னாள் மனைவி ஒரு அறையில், இந்நாள் மனைவி இன்னொரு அறையில், நடுவில் மாமியார். எந்தக் குடும்ப நீதிமன்ற வழக்கறிஞரைக் கேட்டாலும் சிரிப்பார். சட்டம் பாக்கியாவை விடுவித்தது. ஷூட்டிங் பங்களா விடவில்லை.

தாலியும் சட்டமும்

1967-ல் அண்ணா முதல்வராக இருந்தபோது தமிழ்நாடு ஒரு காரியம் செய்தது. இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்து, புரோகிதர் இல்லாமல், தங்களுக்குப் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றியோ மோதிரம் போட்டோ தாலி கட்டியோ செய்யும் சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்றது. சம்மதம்தான் திருமணம் என்று சட்டம் எழுதிய மாநிலம் இது.

அதே மாநிலத்தின் டிவியில் ஒருவன் பின்னாலிருந்து வந்து, பெண் திரும்புவதற்குள் கழுத்தில் தாலி கட்டுகிறான். கேமரா மூன்று முறை அவள் முகத்துக்குப் பாய்கிறது. இடி இடிக்கிறது. ‘தொடரும்’. அடுத்த நாள் அவள் அவன் மனைவி. பிடிக்காவிட்டாலும் மனைவி. அழுதுகொண்டே அவன் வீட்டில் விளக்கேற்றுகிறாள். ஐம்பது எபிசோடு போனதும் அவனையே காதலிக்கவும் தொடங்குகிறாள். நிஜத்தில் ஏமாற்றியோ ஓடி வந்தோ கழுத்தில் கயிறு போட்டுவிட்டால் அது திருமணமாகிவிடாது. வற்புறுத்தலால் பெற்ற சம்மதத்தோடு சடங்கே முழுமையாக நடந்திருந்தாலும், அதை ரத்து செய்யக் கேட்க அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. இதைச் சொல்ல ஒரு சின்ன வக்கீல் பாத்திரம் போதும். சீரியலில் வக்கீல்கள் நிறைய வருகிறார்கள். சொத்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க.

சொத்து என்றதும் இன்னொன்று. மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை என்று மத்தியச் சட்டம் 2005-ல்தான் சொன்னது. தமிழ்நாடு 1989-லேயே சொல்லிவிட்டது. வீட்டுக்குள் அடிபடும் பெண்ணுக்கான குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வில், கல்யாணமான தமிழ்நாட்டுப் பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். சீரியலில் அறை விழாத வாரமில்லை. ஆனால் அறை வாங்கியவள் 181-க்குப் போன் செய்வதையோ, பாதுகாப்பு அதிகாரியைத் தேடிப் போவதையோ பார்ப்பது அபூர்வம். அவள் சாமி அறைக்குப் போகிறாள். மண்சோறு சாப்பிடுகிறாள். தீச்சட்டி எடுக்கிறாள். பக்தியைக் குறை சொல்வதற்கில்லை. கோயிலுக்குப் போகிற பெண்கள்தான் மகளிர் காவல் நிலையத்துக்கும் போகிறார்கள். திரை பாதியை மட்டும் காட்டுகிறது.

சாதியைப் பற்றிப் பேசவே வேண்டாம். சீரியல் குடும்பத்துக்குச் சாதி இருப்பதாக யாரும் சொல்வதில்லை. பேச்சு வழக்கும் கல்யாணச் சடங்கும் சொல்லிவிடும். காதலுக்கு எதிராக அப்பா சீறும்போது ‘அந்தஸ்து’ என்பார். அந்த ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் மடித்து வைத்துவிடுவார்கள்.

ஏழைக் குடும்பங்களும் திரைக்கு வந்ததுண்டு, வேறு வாசல் வழியாக. 2011-ல் ஜீ தமிழ் தொடங்கிய ‘சொல்வதெல்லாம் உண்மை’யில் நிஜ மனிதர்கள் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து, கள்ள உறவையும் கைவிட்டுப்போன கணவனையும் பற்றிச் சண்டை போட்டார்கள். தொகுப்பாளரே நீதிபதி. வந்தவர்களில் பெரும்பாலோர் கூலி வேலை பார்ப்பவர்கள். பங்களா வீட்டுச் சண்டைக்குச் சம்பளம் வாங்கும் நடிகர்கள், குடிசை வீட்டுச் சண்டைக்கு அசல் ஆட்கள்: தமிழ் டிவியின் வர்க்கப் பிரிவினை இது. 2018-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடை விதித்தது.

குணசேகரனின் வெற்றி

இவ்வளவு சொன்னபின், சீரியல்கள் பொய்யை மட்டும்தான் சொல்கின்றன என்று முடித்தால் அது நியாயமில்லை. ஒரு விஷயத்தில் அவை நாவலாசிரியர்களைவிடக் கூர்மையானவை: ஒரு வீட்டில் யார் பேசலாம், யார் எப்போது வாய் மூட வேண்டும் என்பதில்.

திருச்செல்வம் இயக்கி 2003-ல் தொடங்கிய ‘கோலங்கள்’ அபியை நினைத்துப் பார்க்கலாம். கட்டடத் தொழில் நடத்தும் பெண். தம்பி தங்கைகளைக் கரையேற்றுகிறவள். சம்பாதிக்கிறாள் என்பதே கணவன் வீட்டில் குற்றம். அதே இயக்குநர் ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்து, 2022 பிப்ரவரியில் ‘எதிர்நீச்சல்’ தொடங்கினார். படித்த பெண்களைப் பார்த்துப் பார்த்து மருமகள்களாக எடுத்து, பட்டத்தைப் பெட்டிக்குள் பூட்டி அடுப்படியில் நிறுத்தும் ஒரு வீடு. மூத்தவர் ஆதி குணசேகரன். உயர்கல்வி வயதிலிருக்கும் இளைஞர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கல்லூரியில் சேரும் மாநிலத்தில், படிக்கவைத்த பெண்ணை அதன்பிறகு என்ன செய்கிறோம் என்ற கேள்வியை ஒன்பதரை மணிக்கு வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து போட்டது அந்தத் தொடர். வீட்டின் மூத்த கிழவி அப்பத்தாவின் பெயரில் இருக்கும் 40 சதவீதப் பங்குக்காக ஆண்கள் அலைவதும், அதைப் பெண்கள் பக்கம் திருப்ப அவர் துணிவதும் கதையின் அச்சு. பூஜை அறை அல்ல, பத்திரம்தான் அதிகாரம் என்று சீரியல் ஒன்று புரிந்துகொண்ட தருணம் அது.

அப்புறம் ஒரு வேடிக்கை நடந்தது. குணசேகரனாக நடித்த ஜி.மாரிமுத்து தேனிப் பக்கத்துக்காரர், படங்கள் இயக்கியவர். மண் வாசனை மாறாத குரலில் அவர் ‘இந்தாம்மா ஏய்’ என்று அதட்டியது மாநிலம் முழுக்கப் பற்றிக்கொண்டது. ரிங்டோன் ஆனது, ரீல்ஸ் ஆனது. மனைவியை, தம்பி மனைவிகளை வாயடைக்கும் மனிதன்தான் அந்தத் தொடரில் எல்லோருக்கும் பிடித்த ஆள். நல்ல வசனமெல்லாம் அவருக்கு, நியாயமெல்லாம் பெண்களுக்கு. 2023 செப்டம்பர் 8 அன்று, அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து மாரிமுத்து இறந்தார். தெருத்தெருவாக அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். வேல.ராமமூர்த்தி அந்த இடத்துக்கு வந்தார். கனமான நடிகர்தான், ஆனால் பழைய துள்ளல் திரும்பவில்லை. 2024 ஜூனில் தொடர் முடிந்தது.

ஆணாதிக்கத்தைத் தோலுரிக்க எழுதிய கதையில் ஆணாதிக்கவாதி நாயகனாகிவிட்டாரா? அமெரிக்காவில் 1971-ல் ‘ஆல் இன் த ஃபேமிலி’ தொடரின் ஆர்ச்சி பங்கரைக் கேலிப்பொருளாகத்தான் படைத்தார்கள். இனவெறி மிகுந்த பார்வையாளர்கள் அவரைத் தங்கள் ஆள் என்று கொண்டாடினார்கள். குணசேகரனுக்கும் இரண்டு வகை ரசிகர்கள் இருந்தார்கள் என்றே தோன்றுகிறது. ‘நம்ம வீட்டுப் பெருசு அப்படியே இது’ என்று சிரித்த மருமகள்கள் ஒரு பக்கம்; அதே வசனத்தை வீட்டில் சொல்லிப் பார்த்த ஆண்கள் இன்னொரு பக்கம். முதல் வகைச் சிரிப்பை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெயர் சொல்ல முடியாத ஒரு கொடுமைக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ‘குணசேகரன் மாதிரி பேசாதீங்க’ என்று ஒரு பெண் தன் கணவனிடம் சொல்ல முடிகிறதென்றால், அதுவும் சீரியல் கொடுத்த சொத்துதான்.

பார்ப்பவர்கள் மாறுகிறார்களா?

மாறுகிறார்கள் என்பதற்குச் சான்று உண்டு, எதிர்பாராத திசையில். பிரேசிலில் ‘குளோபு’ டிவியின் ‘நொவெலா’ தொடர்கள் பரவிய பகுதிகளில் பிள்ளைப்பேறு குறைந்ததைப் பொருளாதார ஆய்வாளர்கள் கண்டார்கள். 1965-லிருந்து 1999 வரை மாலை நேரத்தில் ஒளிபரப்பான 115 தொடர்களை எடுத்துப் பார்த்தால், ஐம்பது வயதுக்குட்பட்ட முக்கியப் பெண் பாத்திரங்களில் 72 சதவீதம் பேருக்குக் குழந்தையே இல்லை. 21 சதவீதம் பேருக்கு ஒன்று. யாரும் பிரசாரம் செய்யவில்லை. குழந்தைகள் அதிகமிருந்தால் காட்சி எடுப்பது சிரமம் என்பதுகூடக் காரணமாக இருக்கலாம். பார்த்த பெண்கள் மட்டும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

நம் ஊருக்கும் ஆய்வு உண்டு. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் இருவரும் 2001 முதல் 2003 வரை பீகார், டெல்லி, கோவா, ஹரியானா, தமிழ்நாடு ஆகிய இடங்களின் 180 கிராமங்களிலிருந்து திரட்டிய தகவல்களை ஆராய்ந்து 2009-ல் வெளியிட்டார்கள். கேபிள் டிவி புதிதாக வந்த ஊர்களில், ‘கணவன் அடிப்பது சரி’ என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள். ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற பேச்சு குறைந்தது. வீட்டு முடிவுகளில் பெண்ணின் குரல் கூடியது. அது ‘சித்தி’யும் ‘மெட்டி ஒலி’யும் வீடுகளை ஆண்ட காலம் என்பதை மறக்கக் கூடாது. அழுமூஞ்சி நாடகம் என்று ஆண்கள் திட்டிய அதே தொடர்கள். அந்தக் கதைகளில் பெண்கள் அழுதார்கள்தான்; ஆனால் தனியாக பஸ் ஏறினார்கள், ஆபீஸ் போனார்கள், தங்கள் கஷ்டத்தை முழு வாக்கியத்தில் வாய்விட்டுச் சொன்னார்கள். கிராமத்துப் பெண் அழுகையை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டிருக்கலாம். ஐந்து பெண்களைக் கரைசேர்க்கத் தவிக்கும் ‘மெட்டி ஒலி’ அப்பாவைப் பார்த்து, வரதட்சணை நியாயம் என்று யாரும் நினைத்திருக்க முடியாது.

ஆனால் அது கேபிள் புதிதாக நுழைந்த ஊரின் கதை. 2006-லிருந்து தமிழ்நாடு அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட இலவச வண்ண டிவிகளைக் கொடுத்துவிட்டது. அந்தப் பெட்டி காட்ட வேண்டிய புது உலகம் என்று இன்று என்ன மிச்சம் இருக்கிறது? பார்ப்பவள் திரையைத் தாண்டி முன்னால் போய்விட்டாள். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இருவர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். செல்போன் கம்பெனி வேன்கள் விடியற்காலையில் கிராமங்களுக்குள் வந்து பெண்களை ஏற்றிப் போகின்றன. சன் டிவியின் ‘சிங்கப்பெண்ணே’ (2023) அந்த வாழ்க்கையைத் தொட்டது: கிராமத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி, கார்மென்ட்ஸ் கம்பெனியில் தைக்கும் ஆனந்தி. தொடக்கத்தில் லைன், டார்கெட், சூப்பர்வைசர் எல்லாம் இருந்தன. போகப் போகத் தையல் மெஷின் ஓரத்துக்குப் போய்விட்டது. ஆனந்தி யாருக்கு என்பதே கதையானது. விஜய் டிவியின் ‘சிறகடிக்க ஆசை’ பரவாயில்லை. பூக்கட்டி விற்கும் மீனா, கார் ஓட்டும் முத்து, பணமுள்ள மருமகளுக்கு ஒரு முகமும் இல்லாத மருமகளுக்கு ஒரு முகமும் காட்டும் மாமியார் விஜயா: ரூபாய் கணக்குப் பேசும் வீடு அது. அதனால்தான் நிஜமாக இருக்கிறது.

வீட்டு வேலையை யார் செய்வது என்பதில் மட்டும் திரையும் நிஜமும் அப்படியே ஒத்துப்போகின்றன. 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்தவர்களில் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிட்டது 299 நிமிடம், ஆண்கள் 97. 2024-ல் அதே ஆய்வில் 289, 88. ஐந்து ஆண்டில் பெண்களுக்குப் பத்து நிமிடம் மிச்சமானது. ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் மிச்சமாகிவிட்டது. சீரியலில் கரண்டி பிடிக்கும் கணவன் காமெடி டிராக்கில் வருகிறான்.

முடிவைச் சொல்லுங்கள்

சினிமாவுக்கு இருப்பதுபோல் சீரியலுக்கு முன்தணிக்கை இல்லை. கேபிள் டிவி விதிகளில் பெண்களை இழிவுபடுத்தக் கூடாது என்று ஒரு வரி உண்டு. புகார் செய்ய, 2011-ல் ஒளிபரப்பாளர்களே அமைத்த பி.சி.சி.சி. என்ற குறைதீர்ப்புக் குழு இருக்கிறது. ஆபாசமோ ரத்தமோ இருந்தால் புகார் எடுபடும். ‘இந்தப் பெண் ஏன் இன்னும் அந்த வீட்டிலேயே இருக்கிறாள்?’ என்பதற்கு எந்தக் குழுவிடம் புகார் கொடுப்பது? தணிக்கையும் அதற்கு மருந்தில்லை. கத்தரியால் ஒரு கதையை முடித்துவைக்க முடியாது.

மருந்து வேறு இடத்தில் இருக்கிறது. ஓ.டி.டி.யில் 2022-ல் வந்த ‘சுழல்’ எட்டே எபிசோடுகள். குடும்பத்துக்குள்ளேயே நடக்கும் சிறார் பாலியல் கொடுமையை, டிவி சீரியல் தொடவே அஞ்சும் விஷயத்தை, அது கடைசிவரை கொண்டுபோய்ச் சொன்னது. முடியும் என்று தெரிந்த கதைக்கு அந்தத் துணிச்சல் வருகிறது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் வெளியாகும் டி.ஆர்.பி. பட்டியலைப் பார்த்து அடுத்த வாரக் கதையை மாற்றுகிறவர்களுக்கு அது வராது. அந்தப் பட்டியலோ, நாடு முழுக்க ஐம்பதாயிரத்துச் சொச்சம் வீடுகளில் பொருத்திய மீட்டர்களை வைத்து எழுதப்படுவது.

ஆயிரம் எபிசோடு ஓடினால் கேக் வெட்டிக் கொண்டாடும் சேனல்கள் ஒன்றே ஒன்று செய்து பார்க்கலாம். நூறோ நூற்றைம்பதோ, எபிசோடு எண்ணிக்கையை முதல் நாளே அறிவித்துவிட்டு ஒரு குடும்பத் தொடரைத் தொடங்கட்டும். அதன் நாயகி இருபதாவது எபிசோடில் வீட்டைவிட்டுப் போகட்டும். மிச்ச எபிசோடுகளில் அவள் வாடகைக்கு வீடு தேடட்டும், அட்வான்ஸுக்கு அலையட்டும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பார்க்கட்டும், சம்பள நாளில் கணக்குப் போடட்டும். பார்க்க ஆள் இருக்குமா என்று சேனல்கள் பயப்பட வேண்டாம். அந்த வாழ்க்கையை வாழ்ந்துகொண்டிருப்பவர்கள்தான் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றியதும் ரிமோட்டைக் கையில் எடுக்கிறார்கள்.